மாத்திரை மட்டும் போதுமா?

காசநோய் என்றதும் பலருக்கு நினைவு வருவது பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். கதாநாயகன் இருமுவான், கைக்குட்டையில் ரத்தம் தெரியும், கதை முடிந்துவிடும். அந்த நோயும் அந்தக் காலத்தோடு போய்விட்டது என்ற எண்ணம் நகரங்களில் படித்தவர்களிடம்கூட இருக்கிறது. உண்மை வேறு. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் காசநோய் வருபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். 2025க்குள் நாட்டிலிருந்து காசநோயை ஒழிப்போம் என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை.

இந்நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். காசநோய் காற்றின் வழியாகப் பரவும் என்று பள்ளிப் பாடப்புத்தகமே சொல்கிறது. ஆனால் அந்தக் காற்று எப்படிப்பட்ட காற்று என்று யாரும் கேட்பதில்லை!

கிருமி உடலுக்குள் போனவர்கள் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. பெரும்பாலோருக்குள் அது உறங்கிக் கிடக்கிறது. இப்படித் தொற்று உள்ளவர்களில் வாழ்நாளில் நோய் காண்பவர்கள் 100க்கு 5 முதல் 10 பேர்தான். மற்றவர்களைக் காப்பாற்றுவது நோய் எதிர்ப்புச் சக்தி. மூச்சுக்குழாயில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகின்றன. அதையும் தாண்டி நுரையீரலின் சிற்றறைக்குள் வரும் கிருமியை அங்குள்ள காவல் செல்கள் விழுங்குகின்றன. வாகனப் புகையிலும் குப்பை எரியும் புகையிலும் இருக்கும் மிக நுண்ணிய துகள்கள் அதே சிற்றறை வரை போகக்கூடியவை. புகை மயிரிழைகளைக் கெடுக்கிறது. கரித்துகளை விழுங்கிய காவல் செல்லுக்குக் கிருமியை எதிர்க்கும் வலு குறைகிறது. வீட்டுக் காவலாளியின் கண்ணில் மண்ணைத் தூவுவது போலத்தான் இதுவும்.

புகைபிடிப்பவர்களுக்கும், கல் உடைக்கும் தூசியில் வேலை செய்பவர்களுக்கும் காசநோய் அதிகம் வருகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. விறகடுப்புப் புகையின் மீதும் வலுவான சந்தேகம் உண்டு. தெருக்காற்றைப் பற்றிய ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை. சில தொடர்பைக் காட்டுகின்றன, சில காட்டவில்லை. ஆனாலும் ஒதுக்கிவிட முடியாத கேள்வி அது.

மும்பையின் கோவண்டிப் பகுதியைப் பாருங்கள். பக்கத்திலேயே தேவ்னார் குப்பை மேடு. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது நகரமே புகையில் மூடியது. மற்ற நாட்களில் அந்தப் புகை யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே மறுகுடியேற்றத்துக்காகக் கட்டப்பட்ட அடுக்குமாடிகளில் ஒரு வீடு ஏறக்குறைய 225 சதுர அடி. கட்டடங்களுக்கு நடுவே சில இடங்களில் 3 மீட்டர் இடைவெளிதான். 2018இல் வெளியான ஆய்வொன்று, வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் அதிகம் இருப்பதைக் காட்டியது. வெளியே புகை என்று ஜன்னலைச் சாத்தினால் உள்ளே கிருமி தங்குகிறது. ஜன்னலைத் திறந்தால் புகை வருகிறது. அந்தக் குடும்பம் என்னதான் செய்யும்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. லண்டன் நகரம் 1950கள் வரை கரிப்புகையில் மூழ்கித்தான் கிடந்தது. ஆனால் அங்கே காசநோய்ச் சாவுகள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே குறைந்துவந்தன. அப்படியானால் வறுமையும் நெரிசலும்தானே காரணம், புகையை ஏன் குறை சொல்ல வேண்டும்? சரிதான், புகை மட்டும் காரணமல்ல. ஆனால் இந்தியாவில் கிருமியைச் சுமப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இத்தனை பேர் விளிம்பில் நிற்கும்போது, சின்னத் தள்ளு ஒன்று கொடுத்தாலும் விழுபவர்களின் எண்ணிக்கை பெரிதாகவே இருக்கும். வறுமையும் புகையும் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

1950களின் இறுதியில் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று உலக மருத்துவத்தையே மாற்றியது. சானடோரியம் வேண்டாம், நெரிசலான ஏழை வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று அது நிரூபித்தது. மருந்தின் வெற்றி அது, சந்தேகமில்லை. ஆனால் வந்த நோயைக் குணமாக்குவது வேறு, அடுத்த வீட்டுக்காரருக்கு வராமல் தடுப்பது வேறு. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டவர் திரும்பிப் போவது அதே சந்துக்கு, அதே புகைக்குத்தான்.

சத்துணவும் ஒரு காலத்தில் மருத்துவத்துக்கு வெளியே இருந்த விஷயம்தான். 2018இல் நோயாளிகளுக்கு உணவுக்காக மாதம் 500 ரூபாய் தரத் தொடங்கினார்கள், 2024 நவம்பரில் அது 1000 ஆனது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்தால் அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 40 சதவீதம் அளவுக்குக் குறைகிறது என்று காட்டியது. சோற்றுக்குக் கிடைத்த அந்த இடம் காற்றுக்கும் கிடைக்க வேண்டும்.

நுண்துகள் ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2009இல் இந்தியா வகுத்த வரம்பு 40. அந்த 40ஐயே பல நகரங்கள் தாண்டுகின்றன. காற்றை அளக்கும் துறை ஒரு கட்டடத்தில், காசநோயாளியை எண்ணும் துறை இன்னொரு கட்டடத்தில். இரண்டு வரைபடங்களையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தாலே எங்கே குப்பை எரிப்பதை முதலில் நிறுத்த வேண்டும், எங்கே வீடுகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதற்குப் புது மருந்து எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

வரும் முன் காப்போம் என்று சுவரில் எழுதுகிறார்கள். அந்தச் சுவரின் காலடியில் குப்பை எரியாமல் பார்த்துக்கொண்டால் அதுவே நல்ல தொடக்கம்.