பாலர்க்கு அரைநாட் பள்ளி போதுமா?

1945இல் வந்த இலவசக் கல்வி முதலாந் தரத்திலேதான் தொடங்குகின்றது. அதற்கு முந்திய பாலர் பருவம் பெரும்பாலும் பெற்றோரின் வசதிக்கே விடப்பட்டிருக்கின்றது. முன்பள்ளிகள் பல காலையிற் சில மணி நேரமே நடைபெறுகின்றன. பிள்ளை வீடு திரும்பும் வேளையில் தாய் வயலிலோ கந்தோரிலோ நிற்கின்றாள். வசதியுள்ளோர் ஆள் வைத்துக்கொள்வர். ஏழை வீட்டிலோ தமக்கை தன் பள்ளியை விட்டுத் தம்பியைப் பார்க்க நேரிடுகின்றது. ஒரு பிள்ளையின் அரைநாள் இரு பிள்ளைகளின் இழப்பாகின்றது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய கனடாவின் ஒன்ராறியோ மாகாணம், 2010 முதல் 2014 வரை படிப்படியாக, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முழுநாட் பாலர் வகுப்பை அரசாங்கச் செலவில் ஏற்படுத்தியது. பிள்ளையை அனுப்புவது கட்டாயமன்று; இடமளிப்பதோ கல்விச் சபையின் சட்டக் கடமை.

பிஞ்சுகள் களைத்துவிடும் என்பார்க்கு ஒன்று கூறுவோம்: நாள் முழுதும் பாடம் புகட்டுமாறு நாம் கேட்கவில்லை. விளையாட்டும் கதையும் உணவும் உறக்கமும் சேர்ந்ததே அந்த முழுநாள்.

ஒவ்வொரு கல்வி வலயமும் முதலில் உழவர் கிராமங்களில் இதனைத் தொடங்கட்டும். ஆசிரியைகளுக்கும் முழுநாட் சம்பளம் வழங்கட்டும். இதனைச் சலுகையாக அன்று, இலவசக் கல்வியின் விடுபட்ட முதற் படியாகவே கேட்கின்றோம்.