இருண்ட திரையும் அடையாளச் சோதனையும்

ஒரு பழைய வன்தட்டுக்காகத்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். ஞாயிறு இணைப்பிதழை மக்கின்டொஷ் கணினியில் வடிவமைத்த காலத்துப் பக்கங்கள் அதில் உறங்குகின்றன. அவற்றுள் பல இன்று அச்சுப் பிரதியாகக் கூட எங்கும் இல்லை. விண்டோஸ் கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ரோமன் எழுத்துகளின் குவியலே தெரியும். அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஒருங்குறி அறியாதவை. ஆங்கில எழுத்தின் ஆசனத்தில் தமிழ் எழுத்தை அமர்த்தியவை. போதாக்குறைக்கு, பழைய மக் எழுத்துருக்கள் தம் சரக்கைக் கோப்பின் தனியொரு கிளையில் வைத்திருந்தன. விண்டோஸ் வழியாகப் பிரதி செய்தால் அந்தக் கிளை உதிர்ந்து, பெயர் மட்டுமே மிஞ்சும்.

புதிய மக் வாங்கினாலும் பயனில்லை. அப்பக்கங்களுக்கு வேண்டிய பழைய இன்டிசைன் 32 பிட் மென்பொருள். 2019ஆம் ஆண்டின் கற்றலினா பதிப்போடு அப்பிள் நிறுவனம் அவ்வகை மென்பொருட்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. ஆகவே, தங்கையின் மகன் ஒரு யோசனை சொன்னான்: அலுவலகமொன்று கழித்துவிட்ட நான்காம் தலைமுறை இன்டெல் கணினியில், 2017இல் வெளிவந்த ஹை சியராவை நிறுவுவோம். அப்பிள் 2006இல் இன்டெல் செயலிகளுக்கு மாறிய பின்னர் பிறந்த கலை இது. சாதாரண உதிரிப்பாகங்களைக் கோத்து, அதை மக் என்று நம்ப வைப்பது. ஹக்கின்டொஷ் என்பார்கள்.

இது உரிம ஒப்பந்தத்துக்கு முரணானது என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்பிள் முத்திரை கொண்ட கணினிகளில் மட்டுமே நிறுவலாம் என்பது அவர்களது நிபந்தனை. இப்படிக் கணினிகளைக் கட்டி விற்ற சைஸ்டார் என்ற அமெரிக்க நிறுவனம் 2009இல் நீதிமன்றத்தில் தோற்றது. விற்றவர்களுக்காக நான் வாதாடவில்லை. தனது சொந்தப் பக்கங்களைத் திறக்க வழி தேடும் ஒருவனின் நிலை வேறு என்பதே என் கட்சி.

நிறுவல் ஒரு மாலையில் முடிந்தது. திரைதான் வரவில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரவில்லை.

“காட்டை மாத்திப் பாப்பமா, மாமா?” என்றான் மருமகன். கடைக்காரரும் அதையே சொன்னார். இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். திரை இருண்டால் வரைகலை அட்டையை மாற்று என்பது, செய்தி பிழைத்தால் நிருபரை மாற்று என்பதைப் போன்றது. சில வேளை சரியாக இருக்கலாம். ஆனால் எங்கே பிழைத்தது என்பது கடைசி வரை தெரியாது. ஹக்கின்டொஷில் இருள் என்பது பெரும்பாலும் பழுதல்ல, மறுப்பு. யார் மறுக்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பதே வேலை.

முதல் மறுப்பு மிகவும் எளியது. ஆகவே அதைக் கடைசியில்தான் கண்டோம். என் மொனிட்டர் பழையது. விஜிஏ, டிவிஐ என இரண்டு வாய்கள் மட்டுமே உண்டு. அதன் விஜிஏ வடத்தைத் தாய்ப்பலகையில் செருகியிருந்தோம். துவக்க எழுத்துகள் ஓடின, பிறகு இருள். இத்தலைமுறைக் கணினிகளின் விஜிஏ வாயை மக் இயங்குதளம் கண்டுகொள்வதில்லை. சரி, வரைகலை அட்டைக்கு மாற்றுவோம் என்றால், அதிலுள்ள டிவிஐ வாய் டிஜிட்டல் குறிப்பலையை மட்டுமே தருவது. தட்டையான துளையைச் சுற்றி இருக்கவேண்டிய நான்கு சிறு துளைகள் அதில் இல்லை. விஜிஏவுக்கு வேண்டிய அனலொக் குறிப்பலை அவற்றின் வழியேதான் வரும். கடையில் தந்த மாற்றியோ அழகாகப் பொருந்தியது. எப்படிப் பொருந்தியது என்று உற்றுப் பார்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் அந்த நான்கு ஊசிகளையும் குறட்டால் வெட்டியெறிந்திருந்தார்! ஒரு சாதாரண டிவிஐ வடத்தை வாங்கியதும் படம் வந்தது.

(வெளிநாட்டில் இருப்பவர்கள் டிஸ்பிளே போர்ட், எச்டிஎம்ஐ என்று நவீனமாக இருப்பீர்கள். உங்களுக்கும் ஒரு பொறி உண்டு. கணினியின் டிஸ்பிளே போர்ட்டிலிருந்து மொனிட்டரின் எச்டிஎம்ஐக்குச் செல்லும் வடம் மலிவானது, பெரும்பாலும் வேலை செய்யும். அதே வடத்தைத் திருப்பிச் செருகினால் ஒன்றும் நடக்காது. அந்தத் திசைக்கு மின்சாரம் பெற்று இயங்கும் மாற்றி வேண்டும்.)

படம் வந்தது, ஆனால் உயிர் வரவில்லை. சாளரத்தை இழுத்தால் கிழிந்து கிழிந்து நகர்ந்தது. கணினி பற்றிய தகவலில் வரைகலை நினைவகம் சில மெகாபைற் எனக் காட்டியது. அட்டையிலோ எட்டு ஜிகாபைற். அதாவது இயக்கி அட்டையை அடையாளம் காணவில்லை.

நாங்கள் வாங்கியது பாவித்த ஏஎம்டி றேடியோன் ஆர்எக்ஸ் 580. 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் அட்டைகளால் அகழும் முறையைக் கைவிட்டதும், அகழ்வில் உழைத்துக் களைத்த இவ்வட்டைகள் பழைய சாமான் சந்தைகளில் வந்து குவிந்தன. அவற்றில் இரு வகைக் கோளாறுகள் சகஜம். ஒன்று, அகழ்வுக்காக அட்டையின் உள்நிரல் மாற்றப்பட்டிருக்கும். மூல நிரலை மீண்டும் எழுதினாலொழிய மக் அதனோடு ஒத்துழைக்காமல் போகலாம். மற்றது எனக்கு வாய்த்தது. பெட்டியில் 580 என்றிருந்தாலும், உள்ளே இருந்தது 2048எஸ்பி என்ற வகை. உண்மையான 580இல் 2304 கணிப்பு அலகுகள். இதில் 2048 மட்டும். சரக்கில் இது 570, பெயரில்தான் 580. விற்றவர் அறிந்து விற்றாரா, அறியாமல் விற்றாரா என்பதை நான் விசாரிக்கவில்லை.

ஒவ்வொரு அட்டைக்கும் நான்கு எழுத்து கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. மக்கின் இயக்கி தன்னிடமுள்ள பட்டியலில் 67டிஎஃப் என்ற எண்ணை வைத்திருக்கிறது. என்னுடையது 6எஃப்டிஎஃப். சிலிக்கன் ஒரே குடும்பம், திறமை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. ஓபன்கோர் என்ற துவக்கியின் அமைப்புக் கோப்பில், வட்எவர்கிறீன் என்ற துணைநிரலின் உதவியோடு, இந்த அட்டையின் எண் 67டிஎஃப் என்று ஒரு வரி எழுதினோம். மறுதுவக்கத்தில் எட்டு ஜிகாபைற்றும் வந்து நின்றது. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி சோதனைச் சாவடிகளில் வரிசை நின்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஒரு வரி மாறியதால் வழி திறந்ததைக் கண்டு எனக்கு வியப்பு வரவில்லை.

அப்பிள் தாய்ப்பலகையின் பெயரையும் இப்படிச் சோதிப்பதுண்டு. இயங்குதளத்தில் ஒரு கொள்கைக் கோப்பு இருக்கிறது. எந்த மாதிரி மக்கில் எந்த அட்டை எப்படித் திரையை இயக்கலாம் என்பதை அது தீர்மானிக்கும். அப்பிள் சின்னம் தோன்றி, கோடு பாதி ஓடியதும் மொனிட்டர் அணைந்தால், பெரும்பாலும் இந்தக் கோப்பைச் சந்தேகிக்கலாம். வட்எவர்கிறீன் அதைச் சமாளிக்கும். ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளுக்கு மட்டும் துவக்க வரியில் ‘பிகேரா’ என்ற திருத்தத்தையும் சேர்க்கவேண்டும். என்விடியா அட்டைக்காரர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. 2018இன் மொஹாவே முதல் அந்நிறுவனத்தின் புதிய அட்டைகளுக்கு இயக்கியே கிடையாது. ஹை சியராவில் உண்டு; ஆனால் பாதுகாப்பு மேம்படுத்தல் ஒன்றை நிறுவினால் இயங்குதளத்தின் கட்டமைப்பு எண் மாறும், இயக்கி வேலைநிறுத்தம் செய்யும். அட்டை பழுது என்று குப்பையில் போட்டவர்களை நான் அறிவேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். யாரோ செய்து முடித்த துவக்கக் கோப்புறையை அப்படியே இறக்கிச் செருகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நாங்களும் செய்தோம், இரு வாரங்களை இழந்தோம். அவருடைய தாய்ப்பலகைக்கு எழுதிய பொய்களை என் தாய்ப்பலகை சொன்னால் யார் நம்புவார்? பிறகு ஒரு கொப்பியை எடுத்து, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்று திகதியிட்டு எழுதினோம். நான்கு நாட்களில் முடிந்தது.

2025இல் வெளிவந்த டாஹோதான் இன்டெல் மக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று அப்பிள் அறிவித்துவிட்டது. ஆர்எக்ஸ் 7000 அட்டைகளுக்கு இயக்கி வரவேயில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தப் பாதை முடியும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. வேலை செய்யும் பொருளொன்றைப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கியே சாகடிக்கலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆயினும் என் தேவை 2017ஆம் ஆண்டின் பதிப்போடு நின்றுவிடுவது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத அந்தக் கணினியை இணையத்தில் இணைப்பதில்லை.

இரவில் ஒன்றிரண்டு பக்கங்களாகத் திறந்து பிடிஎஃப் ஆக்குகிறேன். நேற்று வந்தது 1998ஆம் ஆண்டின் ஒரு கவிதைப் பக்கம். எழுத்து உடையவில்லை. தலைப்பில் ஓர் ஒற்றுப் பிழை இருந்தது. அன்று மெய்ப்புப் பார்த்தவன் நான்தான்.