30 நாளில் இங்கிலீஷ் பேச முடியுமா? சேலம், நாமக்கல்லில் கொடிகட்டிப் பறக்கும் டியூஷன் விளம்பரம்!

சேலம்:

"30 நாளில் சரளமான இங்கிலீஷ்!" "பேச வராவிட்டால் பணம் வாபஸ்!" "படித்து முடித்ததும் வேலை உறுதி!"

காலையில் பேப்பரைப் பிரித்தால் இப்படி ஒரு நோட்டீசு மடியில் விழுகிறது. பஸ் நிலையத்துக்குப் போனால் தூணில் ஒன்று. டவுன் பஸ்சில் ஏறினால் சீட்டுக்குப் பின்னால் ஒன்று. செல்போனைத் திறந்தால் அங்கேயும் கோட்டு, டை கட்டிய ஒருவர் நின்று கொண்டு, "இன்றே சேருங்கள், இடம் கொஞ்சம்தான்" என்று அவசரப்படுத்துகிறார்.

சேலம் ஐந்து ரோட்டில் இருந்து நாமக்கல் கோட்டை வரை இதே கதைதான். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைத் தொழிலாளி மகனும், அம்மாபேட்டை தறிக்காரர் மகளும், ராசிபுரம் மளிகைக் கடை குமாஸ்தாவும் இந்த நோட்டீசைப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள்.

கட்டுகிற பணம் சும்மா வந்த பணம் அல்ல. வட்டிக்கு வாங்கிய பணமாகவும் இருக்கும். நகையை வைத்த பணமாகவும் இருக்கும். அந்தப் பணத்துக்குச் சரக்கு உண்டா என்பதுதான் கேள்வி.

12 வருடம் படித்தும் ஏன் வரவில்லை?

முதல் வகுப்பில் இருந்து பிளஸ்-2 வரை 12 வருடம் இங்கிலீஷ் ஒரு பாடம். அத்தனையும் படித்து பாஸ் பண்ணிய பையன், இன்டர்வியூவில் "உன்னைப் பற்றிச் சொல்" என்றதும் திருதிரு என்று விழிக்கிறான். ஏன்?

காரணம் எளிது. பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வு. கேள்வி எது வரும் என்று பார்த்து, விடையை மனப்பாடம் செய்து, தாளில் இறக்கி வைத்தால் மார்க் வந்து விடும். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. 12 வருடம் கைக்கு வேலை. வாய்க்கு லீவு!

இந்த ஓட்டையில்தான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வியாபாரம் நுழைந்தது.

நாமக்கல் வட்டாரத்துக்கு இந்த விளம்பர மோகம் புதிதும் அல்ல. பிளஸ்-2 ரேங்க் வாங்கிய மாணவர்களின் படங்களைப் போட்டு, விடுதிப் பள்ளிகள் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்த காலம் ஒன்று உண்டு. ஆரோக்கியமற்ற போட்டி வேண்டாம் என்று 2017-ல் தமிழக அரசு ரேங்க் பட்டியல் வெளியிடுவதையே நிறுத்தியது.

ஆனால் அந்த விளம்பரத்துக்கும் இந்த விளம்பரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மார்க்கை யார் வேண்டுமானாலும் சரி பார்க்கலாம். "சரளமாகப் பேசுவான்" என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? நிறுக்க முடியாத சரக்குக்கு எந்த விலையும் சொல்லலாம். விளம்பரக்காரர்களுக்கு அதுதான் வசதி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நிறுக்கவே முடியாது என்றும் சொல்லி விட முடியாது. ஐரோப்பிய கவுன்சில் 2001-ம் ஆண்டு ஒரு அளவுகோல் வெளியிட்டது. மொழித் திறமையை 6 படிகளாக அது பிரிக்கிறது. முதல் படி ஏ-1. உச்சிப் படி சி-2. இன்று உலகம் முழுவதும் இந்தப் படிக்கட்டுதான் பேச்சு.

ஒன்றுமே தெரியாதவர் இரண்டாவது படியான ஏ-2-க்கு வர 180 முதல் 200 மணி நேரப் பாடம் வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனத்தின் மதிப்பீடு. மூன்றாவது படிக்கு மொத்தம் 350 முதல் 400 மணி. நாலாவது படிக்கு 500 முதல் 600 மணி. ஓரளவு தைரியமாகப் பேசுவது என்பது அந்த நாலாவது படிதான்.

இப்போது நம் ஊர் நோட்டீசுக்கு வருவோம். தினம் 1 மணி வீதம் 30 நாள். ஆக 30 மணி நேரம். இரண்டாவது படிக்கே 180 மணி வேண்டும் என்றால், 30 மணியில் எங்கே ஏறுவது?

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பேட்சில் 30 பேர் என்று வைத்துக் கொள்வோம். வகுப்பு 60 நிமிடம். வாத்தியார் வாயே திறக்காமல் மாணவர்களை மட்டும் பேச விட்டாலும், ஆளுக்கு 2 நிமிடம்தான் கிடைக்கும். 30 நாளும் லீவு போடாமல் போனால் ஒருவர் பேசியிருப்பது மொத்தம் 1 மணி நேரம். பீஸ் ரூ.6 ஆயிரம் என்றால், ஒரு மணி நேரப் பேச்சுக்கு ரூ.6 ஆயிரம்!

கோழி முட்டை பொரிக்க 21 நாள் ஆகும் என்பது நாமக்கல் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எந்த நோட்டீசு அடித்தாலும் அது 10 நாளில் பொரிக்காது. மொழியும் அப்படித்தான்.

லாரி டிரைவர் கற்ற இந்தி

அப்படியானால் டியூஷனே வேண்டாமா? அப்படியும் இல்லை.

சங்ககிரி, நாமக்கல் லாரி டிரைவர்களைப் பாருங்கள். டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் லோடு ஏற்றிப் போய் வருகிறவர்கள் இந்தியில் வெளுத்துக் கட்டுகிறார்கள். எந்த டியூஷனுக்குப் போனார்கள்? செக்போஸ்ட்டில் பேசினார்கள், தாபாவில் பேசினார்கள், டயர் கடையில் பேசினார்கள். தப்பாகப் பேசினார்கள். பேசப் பேசச் சரியாகி விட்டது.

கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவரைச் சுற்றி இங்கிலீஷ் பேசுபவர் யாரும் இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் நல்ல டியூஷன் வாத்தியார் வேண்டும். பேச விட்டு, கேட்டு, கேலி செய்யாமல் திருத்துகிற ஒருவர். அவர் விற்பது மந்திரம் அல்ல. பேசுவதற்கு ஒரு இடம், ஒரு ஆள்.

எம்.ஏ. இங்கிலீஷ் படித்து விட்டு வேலை கிடைக்காமல், வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுக்கிற பெண்கள் நம் ஊரில் நிறைய. "6 மாதம் ஆகும், தினமும் வர வேண்டும்" என்று அவர்கள் உள்ளதைச் சொல்கிறார்கள். பக்கத்துத் தெருவில் "30 நாள்" என்று பேனர் கட்டியதும் கூட்டம் அங்கே ஓடி விடுகிறது. பொய் விளம்பரத்தால் முதலில் அடி வாங்குவது இந்த நேர்மையான வாத்தியார்கள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரம் செய்தால் ரூ.10 லட்சம் வரை அபராதம் போடலாம். திரும்பவும் செய்தால் ரூ.50 லட்சம் வரை. இதைக் கவனிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டெல்லியில் இருக்கிறது.

இந்த ஆணையம் 2024 நவம்பர் 13-ந் தேதி கோச்சிங் விளம்பரங்களுக்கு என்றே தனி விதிகளை வெளியிட்டது. 50 பேருக்கு மேல் சேர்க்கும் நிலையங்களுக்கு இது பொருந்தும். டியூஷனும் கோச்சிங் கணக்கில்தான் வருகிறது.

வேலை நிச்சயம், பாஸ் நிச்சயம் என்று உத்தரவாதம் தரக் கூடாது. "இன்றே கடைசி", "சீட்டு முடிந்து விட்டது" என்று பொய்யாக அவசரப்படுத்தக் கூடாது. ஜெயித்த மாணவரின் படத்தை அவர் எழுதிக் கொடுக்காமல் போடக் கூடாது. "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று எறும்பு சைசில் போடுவதும் செல்லாது. விளம்பரம் எந்த சைஸ் எழுத்தோ, நிபந்தனையும் அதே சைஸ்.

விதிகள் வெளியான அன்று வரை 45 கோச்சிங் நிலையங்களுக்கு நோட்டீசு போயிருந்தது. 18 நிலையங்களுக்கு மொத்தம் ரூ.54 லட்சத்து 60 ஆயிரம் அபராதம் விதிக்கப்பட்டு இருந்தது.

அதற்கு முன்பே 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. முழு பீசும் கட்டிய மாணவர் நடுவில் நின்று விட்டால், மீதி நாளுக்கான பணத்தை 10 நாளில் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. ஆனால் இது வழிகாட்டிதான். மாநில அரசுகள் எடுத்து நடத்தினால்தான் வேலை செய்யும்.

சிறிய டியூஷன்காரர் தப்பித்து விடுவாரா? 50 பேர் விதிக்குள் வராவிட்டாலும், பொதுவான நுகர்வோர் சட்டம் அவரையும் விடாது.

விளம்பரம் ஒட்டுகிற இடத்துக்கும் சட்டம் இருக்கிறது. பொது இடங்களை அசிங்கப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்து விட்டது. அனுமதி இல்லாமல் சுவரில் ஒட்டுவது குற்றம். அதே போல, பள்ளியில் வேலை பார்க்கிற வாத்தியார் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு.

நல்ல விளம்பரம் எப்படி இருக்கும்?

நேர்மையான வாத்தியார் விளம்பரம் செய்வதில் தப்பே இல்லை. செய்யத்தான் வேண்டும். ஜெராக்ஸ் கடையில், மளிகைக் கடையில் கடைக்காரரிடம் கேட்டு விட்டு ஒரு தாள் தொங்க விட்டால் போதும். அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"10-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு. ஒரு பேட்சில் 8 பேர் மட்டும். வாரம் 5 நாள், மாலை 7 முதல் 8 வரை. 3 மாதம், மொத்தம் சுமார் 65 மணி. முடிவில் கடைக்கு வருபவரிடம் விலை, அளவு, தேதி பற்றி இங்கிலீஷில் பேசலாம். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்து விட்டு பீஸ் கட்டலாம். ரசீது உண்டு."

யாருக்கு, எத்தனை பேர், எத்தனை மணி, என்ன கிடைக்கும், எவ்வளவு பணம். இந்த ஐந்தும் நோட்டீசில் இல்லை என்றால் பணம் கட்டுகிறவர் வாய் விட்டுக் கேட்க வேண்டும்.

வெளிநாடு போகிற நர்சுகள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பிரிட்டனில் நர்சாகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 வேண்டும். மார்க் 2 வருடம்தான் செல்லும். "ஸ்போக்கன் இங்கிலீஷ் முடித்தால் லண்டன்" என்று யாராவது சொன்னால், "இந்த மார்க்குக்குத் தயார் செய்வீர்களா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

காசு இல்லாமல் என்ன கிடைக்கும்?

பீஸ் கட்ட முடியாதவருக்கும் வழி உண்டு. சொத்து வரி கட்டுகிற ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். 1948-ம் ஆண்டு நூலகச் சட்டம் முதல் இது நடக்கிறது. ஆக, நூலகத்தில் இருக்கும் டிக்ஷனரிக்கும் இங்கிலீஷ் பேப்பருக்கும் நீங்கள் ஏற்கனவே பணம் கொடுத்தாகி விட்டது. போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

1-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பாடப் புத்தகங்களைச் செல்போனில் இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். வெட்கப்படாமல் 4-ம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்து ஆரம்பித்தால் பிடிபட்டு விடும். பி.பி.சி.யும் பிரிட்டிஷ் கவுன்சிலும் கேட்டுப் பழகும் பாடங்களை இலவசமாகவே வைத்திருக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்கு 2022-ல் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டம் இருக்கிறது.

எத்தனை வார்த்தை தெரிந்தால் போதும்? வங்காளத்தில் பாடம் நடத்திய மைக்கேல் வெஸ்ட் என்ற வெள்ளைக்காரர், அதிகம் புழங்கும் சுமார் 2 ஆயிரம் வார்த்தைகளைப் பொறுக்கி 1953-ல் ஒரு பட்டியல் போட்டார். அன்றாடப் பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் அதற்குள் அடங்கி விடும். தினம் 10 வார்த்தை என்றால் 200 நாள்.

அவற்றை வாயில் வைத்துப் பழகத்தான் துணை வேண்டும். கடையடைத்த பிறகு நாலு பேர் கூடி அரை மணி நேரம் இங்கிலீஷில் மட்டும் பேசினால், ஆளுக்கு 7 நிமிடம் கிடைக்கும். 30 பேர் வகுப்பில் கிடைப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல். செலவு 4 டீ!

ஏமாந்தவர்கள் என்ன செய்வது?

நோட்டீசைக் கிழித்துப் போடாதீர்கள். அதுதான் முதல் சாட்சி. பீஸ் ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த வாக்குறுதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஜி.எஸ்.டி. என்று தனியாக வாங்கினால் பில்லில் அதன் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவாகும். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் கமிஷன். சேலத்திலும் நாமக்கல்லிலும் தனித்தனியாக இருக்கிறது. ரூ.5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

பள்ளி, கல்லூரி வேறு, கோச்சிங் நிலையம் வேறு. கோச்சிங் நிலையங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2020-லேயே கூறி விட்டது. "நாங்கள் கல்விச் சேவை செய்கிறோம், எங்களைக் கேட்க முடியாது" என்ற பேச்சு இனி எடுபடாது.

அடுத்த முறை பேப்பருக்குள் இருந்து நோட்டீசு விழுந்தால், முதலில் மணிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பர்சை அப்புறம் திறக்கலாம்.