பனிமலைக்கு எந்த டயர்?

டிசம்பர் பிறந்தால் போதும், நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேருக்குப் பனி பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. ஊரிலிருந்து அத்தையோ சித்தப்பாவோ வந்திருப்பார்கள். சண்டிகரிலிருந்து சிம்லா ஏறக்குறைய 115 கிலோ மீட்டர்தானே, மணாலிக்கும் இப்போது ரோடு நன்றாகிவிட்டதே என்று சொந்தக் காரிலேயே கிளம்பிவிடுகிறோம். சில வருஷங்களாக இந்தப் பேச்சில் புதிதாக ஒரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. கனடாவிலும் ஜெர்மனியிலும் இருக்கும் பிள்ளைகள் போனில், "அப்பா, வின்ட்டர் டயர் போடாமல் மலைக்குப் போகாதீர்கள்" என்று எச்சரிக்கிறார்கள். எந்த டயர் வாங்கலாம், எவ்வளவு ஆகும் என்று என்னிடமே நாலைந்து பேர் விசாரித்துவிட்டார்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டிகரில் குடியிருந்து, வருஷத்தில் இரண்டு நாள் பனியில் ஓட்டுபவருக்கு வின்ட்டர் டயர் வேண்டாம், சங்கிலி வேண்டும். மலையிலேயே குளிர்காலம் முழுவதும் வாசம் செய்பவருக்கு வின்ட்டர் டயர் இல்லாமல் ஆகாது. எந்த டயரும் சங்கிலியும் இல்லாதவர் பனி விழுந்த ரோட்டுக்கு முன்பே காரை நிறுத்திவிட வேண்டும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறோம் என்பதுதான் என் கவலை.

வின்ட்டர் டயர் என்றால் என்ன என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு விளக்கவே தேவையில்லை. ஜனவரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் உறைவதில்லை. இரண்டும் எண்ணெய்தான், ஆனால் சுபாவம் வேறு. ரப்பரும் அப்படித்தான். நம் காரில் இருக்கும் சாதாரண டயரின் ரப்பர், வெப்பம் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனதும் விறைக்க ஆரம்பிக்கிறது. விறைத்த ரப்பர் ரோட்டின் மேடுபள்ளத்தைக் கவ்வாது. வின்ட்டர் டயரில் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாகச் சேர்த்து, கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி கலவை செய்கிறார்கள். அதோடு பட்டன் ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியதுபோல் மெல்லிய கீறல்கள் இருக்கும். இவை பனியைக் கடித்துப் பிடிக்கின்றன.

இதில் முன்னோடிகள் பின்லாந்துக்காரர்கள். நோக்கியன் கம்பெனி 1934-இல் லாரிகளுக்கும், 1936-இல் ஹக்கபெலிட்டா என்ற பெயரில் கார்களுக்கும் பனி டயர் செய்தது. (டெலிபோன் செய்த நோக்கியாவும் இதுவும் ஒரே ஊரின் பெயரைக் கொண்டவை.) இன்று மிஷலினின் எக்ஸ்-ஐஸ், பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிஸ்ஸாக், கான்டினென்டலின் வைக்கிங் கான்டாக்ட் என்று பல இருக்கின்றன. நம் அப்போலோ கம்பெனி 2009-இல் வாங்கிய ஹாலந்து நாட்டு விரெடெஸ்டீனும் வின்ட்ராக் என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்கிறது.

ஆனால் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஜாதி டயர் என்று கேட்க வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளுக்கான வின்ட்டர் டயர், ஈரத்தையும் சேற்றுப் பனியையும் நெடுஞ்சாலை வேகத்தையும் மனத்தில் வைத்துச் செய்தது. ஸ்வீடன், பின்லாந்து, கனடாவுக்கானது இன்னும் மென்மையானது. கெட்டிப் பனிக்கட்டியில் நன்றாகப் பிடிக்கும், வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். மூன்றாவது, ஆணி பதித்த டயர். ஈரமான கண்ணாடிப் பனிக்கு அதற்கு இணையில்லை. ஆனால் தாரை அரைத்துத் தூளாக்கிவிடும். அந்தத் தூசி பொறுக்காமல்தான் ஜப்பான் 1990-இல் சட்டம் போட்டு ஆணி டயரை ஒழித்தது. ஜெர்மனி 1975-லேயே தடுத்துவிட்டது. நாலாவதாக, வருஷம் முழுவதும் ஓட்டலாம் என்று சொல்லும் ஆல்-வெதர் டயர். இலேசான பனிக்குத் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் குறியைப் படிக்கத் தெரிவது மிக முக்கியம். நம் ஊரில் பெரிய கார்களின் டயரில் பலவற்றில் 'எம்+எஸ்' என்று பொறித்திருக்கும். சேறும் பனியும் என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு, "நம்முடையது ஸ்னோ டயர்தான் சார்" என்று தைரியமாகக் கிளம்புகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு எழுத்தைப் பொறிக்க எந்தப் பரீட்சையும் தேவையில்லை. பட்டனின் அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம். உண்மையான குறி, மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும். நிஜப் பனியில் ஓட்டிப் பார்த்து, ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவாவது மேலாகப் பிடித்தால்தான் அந்தக் குறி கிடைக்கும். 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் இந்தப் பனிப்பூ இல்லாத டயரை வின்ட்டர் டயராகவே சட்டம் ஏற்பதில்லை. ஆனாலும் ஒன்று: அந்தப் பரீட்சை பனியில்தான் நடக்கிறது, பனிக்கட்டியில் அல்ல. அதற்கென்று ஐரோப்பாவில் 2021 முதல் தனி அடையாளம் வந்திருக்கிறது. மாண்ட்ரீலிலோ ஸ்டாக்ஹோமிலோ இருக்கும் பிள்ளை டயர் வாங்கும்போது இந்த இரண்டாவது விஷயத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ட்டர் டயர் கட்டாயம்.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கேதான் ரயில்வேக்காரனின் கணக்கு கொஞ்சம் உதவும்.

காய்ந்த தார் ரோட்டில் டயரின் பிடிப்பு, வண்டியின் எடையில் சுமார் பத்தில் எட்டுப் பங்கு. அமுங்கிய பனியில் சாதாரண டயருக்குப் பத்தில் இரண்டு பங்கு, நல்ல வின்ட்டர் டயருக்குச் சுமார் மூன்று பங்கு. கண்ணாடிப் பனியில் ஒரு பங்குதான். காய்ந்த தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கே இரண்டரை, மூன்று பங்கு பிடிப்பு உண்டு. அதாவது பனியில் ஓடும் நம் சாதாரணக் கார், பிடிப்பில் ரயில் எஞ்சினை விடவும் கீழே. ரயில் டிரைவர் எவ்வளவு தூரத்துக்கு முன்னாலேயே பிரேக் போட ஆரம்பிக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். அவரிடம் போதாக்குறைக்கு மணல் பெட்டியும் இருக்கிறது. சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணலைத் தூவிக்கொள்வார். நம் காரில் அது கிடையாது.

மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகம் என்று வையுங்கள். பிரேக்கை மிதித்த பிறகு காய்ந்த ரோட்டில் நாலரை மீட்டரில் நிற்கும் கார், சமதளப் பனியில் சாதாரண டயரோடு 18 மீட்டர் போகும். வின்ட்டர் டயரோடு 12 மீட்டர். இது சமதளத்தில். மலையில் சமதளம் ஏது? பத்துக்கு ஒன்று என்ற இறக்கத்தில் பூமியே வண்டியை ஒரு பங்கு கீழே இழுக்கிறது. பிடிப்பில் அந்த ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். இப்போது வின்ட்டர் டயர் 18 மீட்டர் கேட்கும், சாதாரண டயர் 35 மீட்டர் கேட்கும். கண்ணாடிப் பனியில் ஒன்றிலிருந்து ஒன்று போனால் பூஜ்யம்: பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வண்டி நிற்காது. 1903-இல் திறந்த கால்கா–சிம்லா ரயில் பாதையை 33-க்கு ஒன்றுக்கு மேல் சரிவில்லாமல் வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்களே, பிடிப்பு இல்லாத இடத்தில் சரிவு எவ்வளவு பொல்லாதது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

சிம்லா பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. பகலில் வெயில் பட்டுப் பனி உருகி ரோட்டில் வழிகிறது. சூரியன் மறைந்ததும் அதுவே கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியாக உறைகிறது. பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஈரப் பனிக்கட்டிதான் மிக அதிகம் வழுக்கும். கடுங்குளிரில் கெட்டியாக இருப்பது அவ்வளவு வழுக்காது. ஆகவே குஃப்ரியிலோ நார்க்கண்டாவிலோ மாலை நான்கு மணிக்கு மேல் தங்கிவிட்டு இறங்குவது, காலையில் ஏறியதைவிடப் பல மடங்கு ஆபத்து. நிழல் விழும் வடக்குப் பக்கத்து வளைவுகளில் காலையிலும் அது காத்திருக்கும்.

ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாலு சக்கரமும் இழுத்தால் ஏற்றத்தில் ஏறும், பனியிலிருந்து கிளம்பும்; அவ்வளவுதான். பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. சின்னக் கார் ஏற முடியாமல் கீழேயே நின்றுவிடுகிறது, அதனால் பிழைத்துக்கொள்கிறது. பெரிய வண்டி ஜம்மென்று மேலே ஏறிவிட்டு, இறங்கும்போது சறுக்குகிறது. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். அது ஸ்டீயரிங் நம் சொல்பேச்சுக் கேட்பதற்கு உதவும். தூளாக இருக்கும் பனியில் நிற்கும் தூரத்தை அது குறைப்பதில்லை, சில சமயம் கூட்டவும் செய்யும்.

அப்படியானால் எல்லோரும் வின்ட்டர் டயரே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். சண்டிகரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த மென்மையான ரப்பர் சுடுதாரில் தேய்ந்து தீரும்; பிரேக் தூரமும் சாதாரண டயரைவிட நீளும். இரண்டு நாள் பத்திரத்துக்காக முன்னூறு நாள் ஆபத்தை விலைக்கு வாங்குவது என்ன நியாயம்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்றால், கழற்றிய நாலு டயரை வைக்க ஃப்ளாட்டில் இடம் வேண்டும். 2020-இல் அரசு டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று ஆக்கியதிலிருந்து வெளிநாட்டு டயரை வரவழைப்பதும் சுலபமான காரியம் அல்ல.

சிம்லாவிலோ ஸ்ரீநகரிலோ லேயிலோ உத்தியோகத்தில் இருக்கும் நம் அன்பர்களுக்கு வேறு கணக்கு. அவர்கள் பனிப்பூக் குறி போட்ட டயராகப் பார்த்து நான்காக வாங்க வேண்டும். செலவைக் குறைக்க முன்னால் இரண்டு மட்டும் போட்டால், வளைவில் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் தனியாகச் சுற்றிக்கொண்டு வரும். பட்டன் 4 மில்லி மீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் ஆஸ்திரியாவில் அது வின்ட்டர் டயர் இல்லை. நம் சட்டத்தின் 1.6 மில்லி மீட்டர் பனிக்குப் போதவே போதாது.

நமக்குச் சங்கிலி போதும். ஆனால் அது டிக்கியில் கிடந்தால் போதாது. இழுக்கும் சக்கரத்தில் மாட்ட வேண்டும். நம் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன் சக்கரத்தில் இழுப்பவை. டயரின் அளவுக்குச் சரியானதாக இருக்க வேண்டும். சில கார்களில் சங்கிலிக்கு இடைவெளி போதாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கும், அதையும் பார்க்க வேண்டும். பனி ஆரம்பிக்கும் இடத்திலேயே சமமான இடம் பார்த்து நிறுத்தி மாட்டி, நூறு மீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். முப்பதுக்கு மேல் போகக் கூடாது. வெறும் தார் வந்ததும் கழற்றிவிட வேண்டும். டயரில் காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்று டாபாவில் யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். குளிரில் காற்றழுத்தம் குறையுமே என்று பயப்படவும் வேண்டாம். மலை ஏறும்போது வெளிக் காற்றின் அழுத்தம் குறைவதால் டயருக்குள் இருப்பது கூடியதுபோல் காட்டும். இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும்.

2024 டிசம்பர் கடைசியில் சோலாங்குக்கும் அடல் சுரங்கப் பாதைக்கும் நடுவே ஆயிரம் வண்டிகள் போலப் பனியில் சிக்கிக்கொண்டன. போலீசார் ராத்திரியில் நின்று ஒவ்வொன்றாக மீட்டார்கள். 2020-இல் அந்தச் சுரங்கம் திறந்த பிறகு, முன்பு குளிர்காலத்தில் யாருமே போகாத லாஹௌல் பக்கத்துக்குக் குடும்பத்தோடு போகிறோம். எல்லைக்கு அப்பால் முர்ரியில் 2022 ஜனவரியில் இதேபோல் சிக்கியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காருக்குள்ளேயே இறந்தார்கள். குளிருக்காக எஞ்சினை ஓட விட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பனி புகைக்குழாயை மூடி, விஷவாயு உள்ளே வந்துவிடும். சிக்கிக்கொண்டால் முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிப் பனியைத் தள்ளுங்கள்; ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

இதற்கெல்லாம் தயாரில்லாதவர்கள் கால்காவில் ரயில் ஏறுங்கள். என் பழைய உத்தியோகப் பாசம் என்று சொன்னாலும் பரவாயில்லை. குழந்தைகள் அதை நெடுநாள் ஞாபகம் வைத்திருக்கும். மணாலி என்றால் காரை ஊரில் விட்டுவிட்டு, சங்கிலி போட்ட உள்ளூர் டாக்ஸியில் மேலே போகலாம். அந்த டிரைவருக்கு எந்த வளைவில் வெயில் படாது என்பது தெரியும்.

சங்கக் கமிட்டிக்கு ஒரு யோசனை. வருஷத்துக்கு இரண்டு நாள் உபயோகத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகச் சங்கிலி வாங்குவது வீண் செலவு. கல்யாணப் பாத்திரங்களை இரவல் கொடுப்பதுபோல், 165/80 ஆர்14, 185/65 ஆர்15 ஆகிய அளவுகளில் இரண்டிரண்டு செட் வாங்கி வைத்து, அங்கத்தினர்களுக்கு ஒரு சிறு வைப்புத்தொகையின் பேரில் கொடுக்கலாம். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க வாசலிலேயே மாட்டிக் கழற்றிப் பழக ஏற்பாடு செய்தால் நான் வந்து காட்டித் தருகிறேன். வீட்டுப் பெண்களும் வர வேண்டும், ஏனெனில் டார்ச் பிடித்துக்கொண்டு குளிரில் நிற்கப் போவது அவர்கள்தான். விருப்பமுள்ளவர்கள் தங்கள் காரின் டயர் பக்கவாட்டில் இருக்கும் எண்ணை ஒரு சீட்டில் எழிக் காரியதரிசியிடம் கொடுத்து வைக்கவும். ஸ்டெப்னியைப் பார்த்து எழுத வேண்டாம், சில கார்களில் அது அளவில் சிறியது.