தோற்கடிக்க முடிகிறது, தடுக்க?

விழுப்புரம் மாவட்டத்துப் பெருமுக்கல் ஊரின் வாக்காளருக்கு ஊராட்சித் தேர்தலில் நான்கு வாக்குகள்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. 2021 அக்டோபர் வரை அம்மாவட்டத்து ஊர்களில் அந்த நான்கில் ஒன்றைக்கூடப் போட வழியில்லை. நிர்வாகம் தனி அலுவலர்கள் கையில் இருந்தது. தேர்தல் முறை பற்றி இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளோ இத்தகைய வெற்றிடத்தைக் கேளாமல், வாக்கை எப்படி எண்ணுவது என்பதிலேயே நின்றுவிடுகின்றன.

எண்ணும் முறை மாறாமலே விளைவு தலைகீழானதை நம் மாநிலமே கண்டிருக்கிறது. 1952-இல் சென்னை சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. தென்னார்க்காட்டில் வேரூன்றிய ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்தது. ராஜாஜி அரசு பிறர் தயவில்தான் நின்றது. அதனால்தான் 1953-இல், குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்தில் அவை 138-138 எனப் பிளந்தது. திட்டத்தை நிறுத்தி நிபுணர் ஆய்வுக்கு அனுப்பும் தீர்மானம் நிறைவேறியது. அந்த ஆய்வுக்குப் பருலேகர் குழு வந்தது. ஆட்சி கவிழவில்லை, ஆனால் ஆட்சியின் கை தடுக்கப்பட்டது. (படையாட்சியாரும் 1954-இல் காமராசர் அமைச்சரவைக்குப் போய்விட்டார் என்பது கதையின் மறுபாதி.)

1991-இலும் அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் அதே முறைதான். திமுகவுக்கு ஏறத்தாழ 22.5 சதவீத வாக்கு, 2 இடங்கள். அதிமுக–காங்கிரஸ் கூட்டணிக்கு 220-க்கு மேல். எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்ததே கூட்டணிக் கட்சி! 1996-இல் முதல்வரையே பர்கூரில் மக்கள் தோற்கடித்து அதிமுகவை 4 இடங்களில் நிறுத்தினார்கள். தண்டனை கடுமைதான், இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் தடுக்க ஆளில்லை.

விகிதாசார முறை தீர்வாகுமா? இலங்கையில் 1977-இல் சுமார் 51 சதவீத வாக்கில் ஐக்கிய தேசியக் கட்சி 168-இல் 140 இடங்களை அள்ளியது. பிறகு விகிதாசாரம் வந்தது. ஆயினும் 2010-இல் ஆளும் தரப்பு கட்சித் தாவல்களின் துணையோடு மூன்றில் இரண்டு பங்கு திரட்டி, அரசமைப்பின் 18-வது திருத்தத்தால் குடியரசுத் தலைவரின் பதவிக்கால வரம்பையே நீக்கியது.

அங்கே உறுப்பினர் எளிதாகத் தாவினார்கள்; நம்மிடம் நோய் நேர்மாறானது. 1985-இல் அரசமைப்பில் கட்சித் தாவலைத் தடுக்க வந்த பத்தாவது அட்டவணைக்குப் பின், கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். விகிதாசாரத்தை இவ்விதழ் எதிர்க்கவில்லை. ஆனால் அதை ஆதரித்து வரும் கட்டுரைகளை இனி ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்புவோம்: நிதி மசோதா, நம்பிக்கை வாக்கு தவிர்த்த மற்றவற்றில் கொறடாவின் கையைக் கட்டுவது பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன?