எடைக்குப் போட்டது அம்மாதானா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரைப் பார்க்க அவருடைய நண்பர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். எல்லோருமே பழைய தமிழ் காமிக்ஸ் சேர்க்கிறவர்கள். டீ கொடுக்கப் போன என்னிடம் ஒருவர், "முத்து காமிக்ஸ் ஆரம்பத்துல வந்த புக்கெல்லாம் எங்க வீட்டுல இருந்திச்சு சிஸ்டர். எங்கம்மா எடைக்குப் போட்டுட்டாங்க. இன்னிக்கு என்ன விலை தெரியுமா?" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் கதையில் அம்மாவுக்குப் பதில் அக்கா. என் கணவர் தன் பங்குக்கு என் மாமியாரைச் சொன்னார். மாமியார் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தும் ஒன்றும் பேசவில்லை.

அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த ஆசையைப் பற்றித் தெரியாத சகோதரிகளுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் ஆரம்பித்தது. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். அது இங்கிலாந்தில் 1962-ல் வந்த கதையாம். 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. லயனின் முதல் புத்தகத்தில் நாயகி ஒரு பெண், மாடஸ்டி. இதை நம் பக்கத்தில் சொல்லாவிட்டால் எப்படி? ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுபோனது. அந்த நாளில் சில்லறைக் காசுக்குப் பெட்டிக்கடையில் தொங்கிய இந்தப் புத்தகங்களைத்தான் இன்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். என் கணவர் ஒரு பழைய மாயாவிக்கு 3,500 ரூபாய் கொடுத்தார். அதே கதை மறுபதிப்பாக நல்ல காகிதத்தில் வந்திருக்கிறது, படிக்க வேண்டுமானால் அதைப் படிக்கலாமே என்றேன். "உனக்குப் புரியாது" என்றார்.

அது ஜூன் மாதம். பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட என் கம்மல் அடகுக் கடைக்குப் போன மாதமும் அதேதான்.

"பீரோவுல ஒரு லட்ச ரூபாய் சொத்து இருக்கு" என்று அவர் சொல்லுவார். விற்கலாமா என்றால் முகம் சுருங்கிவிடும். கால் சவரன் தங்கத்தை எடுத்துக்கொண்டு தேரடிக்குப் போனால் பத்து நிமிஷத்தில் பணம். மாயாவியை எந்தச் சேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்? வாங்க இன்னொரு பைத்தியம் வருகிற வரைக்கும் அது வெறும் காகிதம்தான். தப்பென்று சொல்லவில்லை. குடிக்கிறார், சீட்டாடுகிறார் என்று அழுகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. இவர் புத்தகம்தான் வாங்குகிறார். ஆனால் ஆசை என்று சொல்லட்டும், சொத்து என்று சொல்லி என் வாயை அடைக்க வேண்டாம்.

இப்போது எடைக்குப் போட்ட கதைக்கு வருகிறேன். அன்று இரவு மாமியாரைக் கேட்டேன். அவர் சொன்னது இது. ஒற்றை அறை வீடு, ஆறு பேர். மாமனார் வேலை செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மண்ணெண்ணெய் வாங்கக் காசில்லாத ஒரு நாள், பேப்பர்காரர் தெருவில் குரல் கொடுத்தார். வீட்டில் விற்க இருந்தது பழைய பேப்பரும் அந்தப் புத்தகங்களும்தான். "அன்னிக்கு நைட்டு சோறு பொங்குனேன். இவனும் தின்னான். அதை மட்டும் மறந்துட்டான்" என்றார். முப்பது வருஷத்துக்கு மேலாக மகனிடம் ஏச்சு வாங்குகிறவர் சொன்னது இவ்வளவுதான்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஊரில் உள்ள அம்மாக்கள் எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தால் இதற்கு இந்த விலை வருமா? பெரும்பாலானது அழிந்ததால்தான் மிச்சமிருப்பதற்கு மதிப்பு. அமெரிக்காவில்கூட உலகப் போர் நாளில் பழைய காகிதம் சேகரித்தபோது காமிக்ஸ் புத்தகங்கள் ஏராளமாக அதில் போய்விட்டனவாம். 1939-ல் பத்து சென்ட்டுக்கு விற்ற சூப்பர்மேன் முதல் இதழ், 2025 நவம்பரில் 91 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் பணத்தில் சுமார் 80 கோடி. அது எங்கே கிடைத்தது தெரியுமா? கலிபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், இறந்துபோன அம்மாவின் வீட்டுப் பரணில், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியில் கண்டெடுத்தார்கள். சின்ன வயதில் அந்த அம்மாவும் அவர் கூடப் பிறந்தவரும் வாங்கியது. என் கணவர்தான் செல்போனில் காட்டினார். "பத்திரமா வெச்சிருந்தது ஒரு அம்மாதானே?" என்றேன். பதில் இல்லை.

எங்கள் பக்கத்தில் காகிதத்தைக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை. கடற்காற்றுக்கு ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது, புத்தகத்தின் நடுப் பின் எம்மாத்திரம்? துரு இறங்கிக் காகிதத்தைத் தின்றுவிடும். அந்தப் பின்னை நகம் படாமல் எடுத்துவிட்டு வெள்ளை நூலால் தைத்தது நான். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து பெட்டியில் போட்டது நான். கிழிசலுக்குச் செல்லோ டேப் ஒட்டப் போனவரைத் தடுத்ததும் நான்தான், அது நாளாக ஆக மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

2023 டிசம்பர் புயலில் எர்ணாவூர், திருவொற்றியூர் மேற்குப் பக்கமெல்லாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீட்டுக்குள் வந்தது நினைவிருக்கும். அன்று அவர் நைட் ஷிப்டில் மாட்டிக்கொண்டார். நானும் மாமியாரும் ரேஷன் கார்டு, பெண்ணின் சர்ட்டிபிகேட், அப்புறம் இந்தக் காமிக்ஸ் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றினோம். பீரோ அடித்தட்டிலிருந்த என் கல்யாணப் புடவைக்குப் போவதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அந்தக் கறுப்பு எத்தனை துவைத்தும் போகவில்லை. மறுநாள் அவர் நண்பர்களுக்குப் போன் போட்டு, "என் கலெக்‌ஷன் தப்பிச்சிடுச்சு" என்றார். தானாக மாடிப்படி ஏறிப் போய்த் தப்பித்தது போல!

நான் பத்தாவது வரை படித்தவள். காசிமேட்டில் பிறந்தேன். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வேலைக்குப் போன என் அப்பா சம்பள நாளில் ராணி காமிக்ஸ் வாங்கித் தருவார். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் என் பெயர், வகுப்பு, பிரிவு. கல்யாணமாகி வரும்போது பாத்திரம், மெத்தை, மிக்ஸி எல்லாம் வண்டியில் ஏறின. அந்தப் பெட்டியை யாரும் ஏற்றவில்லை, நானும் கேட்கவில்லை. புதுப் பெண் காமிக்ஸோடு வந்தாள் என்று பேசுவார்களே என்ற பயம். மறு வருஷம் அம்மா, "எடம் அடைச்சிக்கினு கெடந்துச்சி, போட்டுட்டேன்" என்றாள். எனக்காக யாரும் 'அடடா' என்று சொல்லவில்லை. நானும் அம்மாவைத் திட்டவில்லை.

இதை அன்று இரவுதான் என் கணவரிடம் முதன்முதலாகச் சொன்னேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். "நீ காமிக்ஸ் படிப்பியா?" என்று கேட்டார். சகோதரிகளே, அப்போது எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். வாங்குகிற புத்தகமும் கொடுத்த விலையும் அதில் ஏற வேண்டும். பள்ளிக்கூடப் பணமும் சீட்டுப் பணமும் எடுத்து வைத்த பிறகுதான் மாயாவி. மாமியார் காதுபட அந்தப் பழைய பேச்சு இனி வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். இரண்டு புத்தகங்களை விற்றாவது என் கம்மலை மீட்கச் சொன்னேன். "பார்க்கலாம்" என்றிருக்கிறார். பார்ப்போம்.

ஒரு நாள் என்னையும் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகளுக்கு இடம் கொடுத்தார்களே, அங்கேதான். அவர் அட்டை கசங்கியிருக்கிறதா, பக்கம் குறைகிறதா என்று பார்க்கிறார். பேனாவால் பெயர் எழுதியிருந்தால் விலை குறையுமாம், கையில்கூட எடுப்பதில்லை. நான் அவர் ஒதுக்கிய ராணி காமிக்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். யார் யார் பெயரோ இருக்கிறது.

- இல்லத்தரசி, திருவொற்றியூர், சென்னை-19