சிலிண்டர் வாயில் ஒரு காவல்காரன்

தென்காசி மாவட்டத்தில் பாவூர்சத்திரம் பெரிய சந்தை ஊர். சுற்றுப்புற கிராமங்களில் விளையும் காய்கறிகள் இங்கே வந்து குவிகின்றன. மர அறுவை மில்களும் இங்கு உண்டு. அப்படிப்பட்ட ஊரிலும் இன்று வீட்டுக்கு வீடு கியாஸ் அடுப்பு எரிகிறது.

தமிழக அரசு 2007-ம் ஆண்டு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கியாஸ் அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. அடுப்பு ஊதி கண் கலங்கிய பெண்களுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால், புகை போன வீட்டுக்குள் ஒரு புதிய பொறுப்பு வந்திருக்கிறது.

வால்வு என்பது என்ன?

தண்ணீர்க் குழாய்க்குத் திருகு எப்படியோ, சிலிண்டருக்கு வால்வு அப்படி. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் தண்ணீர்தான் வீணாகும். கியாஸ் ஒழுகினால்? வீடே போய்விடும்!

வீட்டு சிலிண்டருக்குள் 14.2 கிலோ கியாஸ் இருக்கிறது. அழுத்தி அழுத்தித் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். வெளியே பாயத் துடிக்கும் அந்த கியாசை வால்வுதான் காவல்காரன் போல் தடுத்து நிற்கிறது. ரெகுலேட்டரை மாட்டித் திருகினால் வால்வு திறக்கும். மூடினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை அடைத்துவிடும். கியாசின் வேகத்தைக் குறைத்து அடுப்புக்கு அனுப்புவது ரெகுலேட்டரின் வேலை.

அனுமதி தருவது யார்?

இந்த வால்வை நினைத்தவர்கள் எல்லாம் செய்து விற்க முடியாது. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்புத் துறை அனுமதி தரவேண்டும். இந்திய தர நிர்ணய நிறுவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும். சிலிண்டர், வால்வு, ரெகுலேட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி தர விதி உண்டு.

அதோடு வேலை முடியவில்லை. புது சிலிண்டரை 10 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் சோதிக்க வேண்டும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதனை.

முத்திரை நிற்கும் இடம்

இவ்வளவு காவல் இருந்தும் விபத்து ஏன் நடக்கிறது? அரசின் முத்திரை சிலிண்டரோடு வாசல் வரை வருகிறது. அடுப்படிக்குள் நடப்பதை அதனால் பார்க்க முடியாது. மலிவாகக் கிடைக்கிறது என்று முத்திரை இல்லாத ரெகுலேட்டரை வாங்குகிறவர்கள் உண்டு. வெடித்துப்போன ரப்பர் குழாயை நூலால் கட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், குடும்பத்தின் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்!

வீட்டில் செய்யவேண்டிய சோதனை

சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் தகட்டைப் பாருங்கள். அங்கே ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். எண், ஆண்டைக் குறிக்கும். டி-30 என்று இருந்தால் 2030 டிசம்பருக்குள் மறுசோதனை செய்யவேண்டும் என்று பொருள். கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

சிலிண்டர் கொண்டு வருபவரை அங்கேயே மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வால்வுக்குள் சிறிய ரப்பர் வளையம் இருக்கவேண்டும். கசிவு இருக்கிறதா என்று சோப்பு நீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்து மட்டும் பார்க்கவே கூடாது!

குழாயிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும். அதற்கு முன்பே வெடிப்பு விட்டால் உடனே மாற்றுங்கள்.

வாடை வந்தால்...

கியாசுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்றே வாடை சேர்க்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. ஆகவே தரையோடு தங்கும்.

வாடை வந்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பிள்ளைகளோடு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம். சிலிண்டரையும் ஒரு நிமிடம் பார்த்து வாங்கினால் என்ன?